சந்தேகப்பட்டவருக்கு ஒரு மலைக்கோயில்

சென்னையில் தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் போகிறவர்களுக்குப் பரங்கிமலை பழகிய ஸ்டேஷன். மலை உச்சியில் இருப்பது 1523-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிய சின்னக் கோயில். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமையார் கி.பி. 72-ல் இங்கேதான் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது காலங்காலமாக வரும் மரபு. உயிர்த்த இயேசுவைக் கண்ணால் பார்த்து, காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்தவர் இவர்தான்.

என் பெரியம்மா ஜூலை 3-ம் தேதி, தோமையார் திருநாளன்று, தவறாமல் அந்தப் படிகளில் ஏறுகிறவர். பெரியப்பா இறந்த பிறகு இரண்டு வருடம் போகவில்லை. ஒருநாள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, மருமகள் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நாற்பது நாள் ஜெபமாலை உருட்டினேன்ப்பா. இப்போ கண்ணை மூடினா, அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களான்னே தெரியலை.”

ஜெபக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, “உங்க விசுவாசம் பத்தலை” என்றாராம் ஒரு பெண். புருஷனைப் பறிகொடுத்தவரிடம் சொல்கிற வார்த்தையா இது? அதற்குப் பிறகு பெரியம்மா யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சந்தேகத்தைவிட அதை ஒளித்துவைப்பதுதான் அவரை அதிகம் வாட்டியது.

தோமையார் கதையை யோவான் நற்செய்தியில் நிதானமாகப் படித்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படும். இயேசு போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று முன்பே எல்லார் எதிரிலும் கேட்டவர் அவர். ஆபத்து என்று தெரிந்தும், அவரோடு போய்ச் சாவோம் வாருங்கள் என்று மற்றவர்களை அழைத்தவரும் அவரே. ‘நம்ப மாட்டேன்’ என்று சொன்ன பிறகும், எட்டு நாள் கழித்து அதே வீட்டில், அதே ஆட்களோடுதான் இருக்கிறார். அவர்கள் துரத்தவில்லை, இவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. கடைசியில் காயத்தைத் தொட்டாரா என்றால், தொட்டதாக நற்செய்தியில் ஒரு வரிகூட இல்லை!

அன்னை தெரசா விஷயம் இன்னும் ஆச்சரியம். அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007-ல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாக வந்தன. கல்கத்தாவில் சேவையைத் தொடங்கிய காலத்திலிருந்தே, கடவுள் தன்னோடு இல்லை என்ற வெறுமை அவரை வாட்டியிருக்கிறது. 1958-ல் சில வாரம் நீங்கி, திரும்பவும் வந்துவிட்டது. 1979-ல் நோபல் பரிசு வாங்கியபோதும் உள்ளே அதே இருட்டுதான். அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படி அவரே கேட்டிருந்தார். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. படித்துவிட்டுச் சிலர் அதிர்ந்தார்கள். என் பெரியம்மாவோ, “அந்த அம்மாவுக்குமா?” என்று கேட்டு, ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

எல்லாருடைய சந்தேகமும் ஒரே மாதிரி இல்லை. கல்லூரிப் பிள்ளைக்கு ஆதியாகமமும் அறிவியல் புத்தகமும் இடிக்கும். பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வழி போட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதை அவனுக்குச் சொல்லலாம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பக்கம் என்று பார்த்து வெறுத்தவருக்கு வேதாந்தம் பேசிப் பயனில்லை. அவர் கோபம் மனிதர்கள் மேல், அது நியாயமான கோபமும்கூட. தூக்கம், சாப்பாடு எல்லாம் போய், வாழவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டால் ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரியம்மாவுக்குக் கைகொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு வயதான சாமியார். அவர் பதில் எதுவும் சொல்லவில்லையாம். “என்கிட்ட திட்டினதை அப்படியே அவர்கிட்ட திட்டுங்க. சங்கீதப் புத்தகத்துல பாதி புலம்பல்தானே?” என்றாராம். சிலுவையில் இயேசு கதறியதும் 22-ம் சங்கீதத்தின் முதல் வரிதான் என்று எடுத்துக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் ஒரு சங்கீதம் படிக்கிறார் பெரியம்மா. ஜெபமாலையை இன்னும் எடுக்கவில்லை.

போன ஜூலையில் நானும் கூடப் போனேன். மேலே வண்டிப் பாதை இருக்கிறது, ஆட்டோவில் போகலாம் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. முட்டி வலியோடு நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். கோயிலுக்குள் கால் மணி நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தவரிடம், “என்ன பெரியம்மா வேண்டிக்கிட்டீங்க?” என்றேன்.

“வேண்டல. சண்டைதான் போட்டேன். இன்னும் பாக்கி இருக்கு” என்றபடி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.