செய்யுள் செய்தார் உரையும் செய்தல் வேண்டுமோ?

பாட்டின் பொருளைப் பாடியவரே விளக்குதல் முறையோ, அன்றோ என்பது புலவரிடை நெடிது வழங்கும் ஒரு வினா. திருமுறைகளையும் மெய்கண்ட சாத்திரங்களையும் நாடோறும் ஓதும் சைவ நன்மக்கட்கு இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. அவற்றின் பொருளை யாங்ஙனம் தேடுதல் வேண்டும் என்பது இதன் விடையைப் பற்றி நிற்றலின், ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 நூற்பாக்களால் ஆயது. நூற்பாவாவது சில சொல்லில் பல பொருள் செறிய யாக்கப்படுவது. ஆகலின், அதனைப் பிறர் பிறவாறு கொள்ளுதற்கு இடமுண்டு. அதுபற்றியே ஆசிரியர் நூற்பா மாத்திரையின் அமையாது, மேற்கோளும் ஏதுவும் காட்டி வார்த்திகம் வகுத்து, 81 எடுத்துக்காட்டு வெண்பாக்களும் தாமே அருளிச்செய்தார். முப்பொருளுண்மையை அளவையான் நாட்டப் புகுந்த நூலில் ஐயமும் திரிபும் எஞ்சுமாயின், கற்போன் வழி தவறுவன். ஆகலின் ஆண்டு விளக்கம் ஆசிரியர்க்குக் கடனாயிற்று.

இனி, திருவாசகத்தின் நிலை வேறு. தில்லைவாழ் அந்தணர் அதன் பொருளை வினவியபோது, மணிவாசகப் பெருமான் அவர்களை அம்பலத்திற்கு அழைத்துச் சென்று, கூத்தப்பெருமானையே பொருளாகச் சுட்டி, அவன் திருவடியிற் கலந்தனர் எனத் திருவாதவூரடிகள் புராணம் கூறும். வினவினோர் தமிழ் அறியாதார் அல்லர். சொற்பொருள் அவர்க்குத் தெரியும். அவர் வேண்டியது அச்சொற்களெல்லாம் சென்று சேரும் முடிந்த பொருள். அது சொல்லால் உணர்த்தப்படுவதன்று, காட்டப்படுவது. கண்டார் அநுபவத்தில் விளைவது.

அற்றேல், அடிகள் கூறாது விடுத்த பொருளைப் பின்னையோர் உரைத்தல் பிழையாகாதோ எனின், ஆகாது என்க. காலம் செல்லச் சொல்வழக்கு மாறும். அக்காலத்தார்க்கு எளியனவாய் இருந்த சொற்கள் நமக்கு அரியன ஆயின. பண்டிதமணி கதிரேசனார் முதலாயினோர் வரைந்த விளக்கங்கள் அவ்விடரை நீக்கி, நம்மை அம்பலத்தின் வாயில்காறும் கொண்டு உய்ப்பன. உட்புகுதல் ஓதுவார் அன்பின்பாலது.

நல்லுரையை யாங்ஙனம் அறிதும் எனின், இறையனார் களவியலுரை கூறும் வரலாறு அதற்கு விடையாம். 60 நூற்பாக்களை அருளிய இறைவன் தானே உரை செய்திலன். உரை காண்டற்கு மூங்கைப் பிள்ளையாகிய உருத்திரசன்மனைக் காட்டினன். சங்கப் புலவர் உரைத்தவற்றுள் நக்கீரர் உரைக்கே அப்பிள்ளை பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்து இருந்தான். வாய் பேசாதான் நெஞ்சத்து உருக்கமே ஆண்டு உரைகல்லாயிற்று.

ஆகவே, அளவையால் நாட்டப்படும் பொருளை நூலாசிரியர் விளக்குதல் கடன். அன்பால் எய்தப்படும் பொருளைப் பாடியவர் காட்டி அமைதலே முறை. திருவாசகம் ஓதுவார் உரையைக் கற்றபின் அதனோடு நின்றுவிடாது, அடிகள் சுட்டிய திசையை நோக்குவாராக.