“பசிக்கலையே!” என்பார் பெரியவர்; விட்டுவிடாதீர்கள்! இரைப்பை ஆபரேஷன் முடிந்தவருக்குச் சோறு போடுவது எப்படி?

காலை மணி 8. தட்டில் நாலு இட்லி, பக்கத்தில் சர்க்கரை தூக்கலாக ஒரு டம்ளர் காபி. “ஆபரேஷன் பண்ணின உடம்பு, நல்லாச் சாப்பிடட்டும்” என்று ஆசையாகக் கொண்டுவந்து வைத்தார் மருமகள்.

மணி 8-20. பெரியவருக்குக் குப்பென்று வியர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வயிற்றை முறுக்கிப் பேதியும் ஆயிற்று.

“ஐயோ, மாரடைப்பு!” என்று வீடே அலறியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஓடியது தப்பில்லை. வயதானவருக்கு நெஞ்சு படபடத்தால் டாக்டர் பார்த்துத்தான் சொல்லவேண்டும். பார்த்தார்; சொன்னார். மாரடைப்பு இல்லை. இட்லியும் காபியும் செய்த வேலை அது!

இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி வீடு திரும்பும் பெரியவர்கள் பலர் இப்படித்தான் திண்டாடுகிறார்கள். கட்டியை வெட்டி எடுப்பது சர்ஜன் வேலை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நடக்கவேண்டிய வைத்தியம் சமையல்கட்டில் இருக்கிறது.

கிடங்கு போச்சு!

கோயம்பேட்டில் லாரி லாரியாகச் சரக்கு இறங்குகிறது. தெருக்கடைக்காரர் அதில் ஒரு கூடைதானே எடுத்துப் போகிறார்? இரைப்பையும் அப்படி ஒரு கிடங்குதான். சாப்பிட்டதை வாங்கி வைத்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பும். புற்று இருக்கும் இடத்தைப் பொறுத்து அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்துவிடுகிறார்கள். முழுவதையும் எடுத்தால் உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்துவிடுவார்கள்.

வயிறே இல்லாமல் ஆள் பிழைப்பாரா? பிழைப்பார்! 1881-ல் வியன்னா நகரில் பில்ரோத் என்ற சர்ஜன், புற்று பிடித்த இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து ஒரு பெண்மணியைப் பிழைக்க வைத்தார். 1897-ல் சூரிச் நகரில் ஷ்லாட்டர் என்பவர் ஒரு அம்மாளுக்கு இரைப்பையை முழுசாகவே எடுத்தார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். இன்று சென்னையில் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இந்த ஆபரேஷன் நடக்கிறது.

ஆனால் கிடங்கு போனது போனதுதான். சாப்பாடு நேராகக் குடலில் போய் விழுகிறது. அது இனிப்பாக இருந்தால் குடல் உடம்பிலுள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டு 10 நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, பேதி எல்லாம் அதனால்தான். டாக்டர்கள் இதை ‘டம்பிங்’ என்கிறார்கள்.

சிலருக்கு 1 மணி முதல் 3 மணி நேரம் கழித்துக் கை நடுங்கும், கண் இருட்டும். வேகமாக ஏறிய ரத்தச் சர்க்கரை அதே வேகத்தில் இறங்குவதால் வருவது இது. சர்க்கரை வியாதிக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். பழைய மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு பழைய அளவிலேயே மாத்திரை போடக்கூடாது. டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் பையில் என்ன இருக்கிறது? ஹார்லிக்ஸ், குளுகோஸ் டப்பா, அரை டஜன் சாத்துக்குடி! முதல் இரண்டும் தித்திப்பு. சாத்துக்குடியைச் சக்கையோடு விழுங்கினால் பந்துபோலத் திரண்டு வழியை அடைத்துக்கொள்வதும் உண்டு. அன்புதான், என்ன செய்ய?

கடிகாரம்தான் வயிறு

பசியைக் கிளப்பிவிடும் ‘கிரெலின்’ என்ற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையில்தான் ஊறுகிறது. இரைப்பை போனால் பசியும் குறைந்துபோகும். வயதானவருக்கு ஏற்கெனவே பசி மந்தம். “எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க” என்று அவர் சொல்வது வீம்பு அல்ல. நிஜமாகவே பசிக்காது. பசிக்கட்டும் என்று வீட்டார் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்!

அதனால் அந்த வீட்டில் இப்போது கடிகாரம்தான் கணக்கு. ஒரு நாளைக்கு 6 முதல் 8 தடவை. ஒவ்வொரு தடவையும் கால் வயிறு. (இல்லாத வயிற்றுக்குக் கால் வயிறு ஏது என்று கேட்காதீர்கள், ஒரு சின்னக் கிண்ணம்!)

“மாமா, மணி பத்தரை. கிண்ணம் வந்தாச்சு!”

“சின்னப் புள்ளைக்கு ஊட்டற மாதிரி பண்றியேம்மா...” என்று பெரியவர் சிணுங்குகிறார். ஆனால் சாப்பிட்டுவிடுகிறார்.

சாப்பாட்டோடு தண்ணீர், மோர், காபி கிடையாது. அரை மணி முன்போ, அரை மணி கழித்தோ மிடறு மிடறாகக் குடிக்கலாம். சாப்பிட்டதும் மல்லாக்கப் படுக்காமல் தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்துகொள்ள வேண்டும்.

பத்தியமா, பட்டினியா?

“வயித்து ஆபரேஷன், கஞ்சித் தண்ணி மட்டும் குடுங்க” என்று அக்கம்பக்கத்தார் யோசனை சொல்வார்கள். ஆரம்ப நாட்களுக்குச் சரி. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் அதற்குப் பெயர் பத்தியம் அல்ல, பட்டினி!

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இறங்குவது சகஜம். இளவட்டம் தேற்றிக்கொள்வான். 70 வயதில் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தொடைச் சதையும்தான். சதை போனால் எழுந்து கக்கூஸுக்குப் போகமுடியாது. விழுந்து எலும்பு முறியும். கீமோ மருந்து ஏற்ற வேண்டியிருந்தால் உடம்பு தாங்காமல் தவணை தள்ளிப்போகும்.

எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது டாக்டர்கள் கணக்கு. 50 கிலோ பெரியவருக்குத் தினம் 60 கிராமாவது ஆயிற்று. ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம்தான்! ஆகவே கிண்ணத்தில் முதல் வாய் முட்டை, முள் நீக்கிய மீன், குழைந்த பாசிப்பருப்பு, தயிர், பிறகுதான் சோறு. கஞ்சி என்றாலும் பருப்புக் கஞ்சி. கிட்னி கோளாறு உள்ளவர் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தின்றது சதையாக, தினம் கொஞ்சம் நடக்கவும் வேண்டும்.

வாயால் போதாதவர்களுக்குச் சிறுகுடலில் மெல்லிய குழாய் வைத்துச் சத்துக் கரைசலை மெதுவாக இறக்குவதும் உண்டு. குழாயைக் கண்டு மிரளவேண்டாம். சாப்பாடு ஏறியதும் எடுத்துவிடுவார்கள்.

இன்னொரு சமாசாரம், மறந்தே போவது. பி-12 வைட்டமின் உடம்பில் சேர இரைப்பையில் ஊறும் ஒரு பொருள் வேண்டும். முழு இரைப்பையும் எடுத்தவருக்கு அது கிடையாது. ஆயுள் முழுக்க ஊசி, அல்லது டாக்டர் சொல்லும் மாத்திரை. ஈரலில் சேமிப்பு இருப்பதால் ஒன்றிரண்டு வருஷம் எதுவுமே தெரியாது. அப்புறம் ரத்தசோகை, கால் மரமரப்பு, மறதி என்று ஒவ்வொன்றாக வரும். “வயசாச்சு, அப்படித்தான்” என்று எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள்.

அந்த வீட்டு மருமகள், பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே அடுத்த ஊசித் தேதியைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறார்.