ஒருவர் குறைந்தாலும் ஆட்டமில்லை

'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்னும் முதுமொழியை நம் பிள்ளைகள் ஏட்டிலே பத்து முறை எழுதிப் பழகுகிறார்கள். எழுதும்போதே, பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடாதபடி ஏட்டைக் கையால் மறைத்துக்கொள்கிறார்கள்! கூடி வாழும் கலை எழுதி வருவதன்று. செய்து பழகி வருவது. அதற்கு வகுப்பறை விளையாட்டைப் போன்ற எளிய வாயில் வேறில்லை.

இதன் அருமை ஜவ்வாது மலையிலே நன்கு புலப்படும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையில், மலையாளி என வழங்கும் தமிழ் பேசும் பழங்குடி மக்கள் சாமை விதைத்து வாழ்கின்றனர். சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளன. பெற்றோர் பலர் பிழைப்புத் தேடி வெளியூர் செல்வதால், பிள்ளைகள் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயில்கின்றனர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்க வேண்டும். அங்கே தோழமை கிட்டாத குழந்தை, விடுமுறைக்கு வீடு சென்றால் திரும்பி வராமலே போய்விடக்கூடும். ஆகவே அங்கு கூட்டுறவு என்பது ஒழுக்கப் பாடம் மட்டுமன்று. கல்வி நிலைப்பதற்கே அதுதான் அடித்தளம்.

பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் பயிலும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென, ஆந்திரத்தின் ரிஷிவேலியில் அட்டைகளும் விளையாட்டுகளும் கொண்ட கல்விமுறை உருவாயிற்று. அதனைத் தழுவியே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கி, 2007-08இல் தமிழகமெங்கும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தனர். சில குழுக்களுக்கு ஆசிரியர் துணை, சில குழுக்களுக்குச் சக மாணவரே துணை. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் ஆடலுக்கும் பாடலுக்கும் இடமுண்டு.

ஆயினும், வட்டமாக அமர்வதால் மட்டும் ஒற்றுமை வந்துவிடுமா? வராது. கெட்டிக்காரப் பிள்ளை வேலை முழுவதையும் செய்ய, மற்றவர் வேடிக்கை பார்ப்பதும் உண்டு.

இதற்கு விடை கண்டவர் எலியட் ஆரன்சன் என்னும் உளவியல் அறிஞர். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெள்ளையர், கறுப்பர், மெக்சிக வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டபோது பகை மூண்டது. ஆரன்சன் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றத் துண்டுகளைத் தோழர் வாயிலாகவே கேட்டறிய வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத சிறுவன் ஒருவன் திக்கித் திணறியபோது மற்றவர் நகைத்தனர். அவனிடம் உள்ள பகுதி தெரியாவிடில் தேர்வில் விடையளிக்க இயலாது என்று நினைவூட்டப்பட்டதும், நகைத்தவர்களே பொறுமையுடன் கேள்வி கேட்டு அவனைப் பேச வைத்தனர். சில வாரங்களில் பகை தணிந்தது. பின்தங்கியோரின் மதிப்பெண்ணும் உயர்ந்தது.

நம் கோ-கோ ஆட்டத்திலும் இதே நுட்பம் உண்டு. துரத்துபவர் திரும்பி ஓடலாகாது; அமர்ந்திருக்கும் தோழருக்குக் 'கோ' கொடுத்தே ஆகவேண்டும். எத்துணை விரைவாக ஓடுபவரும் தனித்து வெல்ல இயலாது. இசை நாற்காலியோ இதற்கு நேர்மாறானது. பயிற்சி மிகவும் வேண்டிய பிள்ளையே முதலில் வெளியேறுகிறது! நாற்காலியை மட்டும் குறைத்து, யாரையும் வெளியேற்றாமல், எஞ்சிய நாற்காலிகளில் எல்லாரும் எப்படியேனும் இடம் பிடிக்கவேண்டும் என்று விதியை மாற்றிப் பாருங்கள். தள்ளிய கைகளே தாங்கும் கைகளாகும்.

மலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சாமையைப் பற்றிய பாடத்தை ஐந்து சீட்டுகளில் எழுதலாம்: விதைப்பு, களையெடுப்பு, அறுவடை, உமி நீக்கல், சமையல். குழுவில் ஆளுக்கொன்று. சீட்டைக் காட்டாமல், வாயால் சொல்லியே ஐவரும் வரிசைப்படி நிற்கவேண்டும். ஏட்டுப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளை, தாயோடு களத்தில் நின்ற அனுபவத்தால் அன்று குழுவுக்கே ஆசானாகலாம். ஆட்டம் முடிந்தபின், "யார் யாருக்கு உதவினீர்கள்? யாரைப் பேசவிடவில்லை?" என்று ஆசிரியர் ஐந்து நிமிடம் உசாவுதல் வேண்டும். ஆட்டத்தின் பயன் நெஞ்சில் பதிவது அப்போதுதான்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, தூரின் நகரின் ஏழைச் சிறுவர்களை அரவணைத்த புனித தொன் போஸ்கோ, ஆசிரியர்கள் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகளோடு இருக்கவேண்டுமென வற்புறுத்தினார். அவ்வறிவுரை ஆசிரியருக்கு மட்டுமா? பெற்றோரே, மாலையில் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பியதும், "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதற்கு முன், "இன்று யாருக்குத் துணை நின்றாய்?" என்று கேளுங்கள். நாளடைவில், ஏட்டை மறைக்கும் கை தோழனை நோக்கி நீளக் காண்பீர்கள்.