சிம்பொனி கச்சேரியில் எப்போது கைதட்டலாம்?

ஆபீஸ் நண்பர் ஒருவர் மும்பை என்சிபிஏ அரங்குக்கு உங்களைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவுக்கு வீடு அதுதான். அன்றைக்கு இரண்டே உருப்படி: சாய்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்டோ, இடைவேளைக்குப் பிறகு அவருடைய ஆறாவது சிம்பொனி. முதல்முறை போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பயம்தான்: தப்பான இடத்தில் கைதட்டிவிட்டால்?

கான்செர்டோ என்றால் ஒரே வாத்தியக்காரர் முன்னால் நின்று வாசிப்பார். ஆர்கெஸ்ட்ரா அவரோடு பேசும், மோதும். இதில் மூன்று பகுதிகள். முதல் பகுதியின் நடுவே எல்லோரும் நிறுத்திவிட, வயலின் மட்டும் தனியே பாயும். நம்ம ஊர் தனி ஆவர்த்தனம் ஞாபகம் வரும். ஆனால் இங்கே மனோதர்மம் கிடையாது, ஒவ்வொரு ஸ்வரமும் சாய்கோவ்ஸ்கி எழுதி வைத்தது. கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

1878-ல் எழுதிய இந்த இசையை, முதலில் யாருக்குச் சமர்ப்பித்தாரோ அந்த லியோபோல்ட் ஆவரே வாசிக்கவில்லை. 1881-ல் வியன்னாவில் அடால்ஃப் பிராட்ஸ்கி வாசித்தார். விமர்சகர் ஹான்ஸ்லிக் கிழித்துத் தொங்கவிட்டார். பிற்பாடு ஆவரும் வாசித்தார் என்பது வேறு கதை.

முதல் பகுதி முடிகிற வேகத்தில் சிலர் தட்டிவிடுவார்கள். குற்றமில்லை. பகுதிகளுக்கு நடுவே மௌனம் என்பது பிற்காலத்தில் வந்த பழக்கம். 1778-ல் பாரிஸில் தன் சிம்பொனி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் கைதட்டியதை மொஸார்ட் அப்பாவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதிச் சொன்னார். கான்செர்டோவின் இரண்டாம் பகுதி நிற்காமல் மூன்றாவதுக்குள் போய்விடும், அங்கே உங்களுக்குக் குழப்பமே வராது.

உண்மையான கண்ணி சிம்பொனியில்தான் இருக்கிறது. மூன்றாம் பகுதி ராணுவ அணிவகுப்பு மாதிரி ஏறி, முரசு அதிர டமால் என்று முடியும். 'முடிஞ்சிருச்சு'ன்னு எழுந்து நிற்கத் தோன்றும். முடியவில்லை. இன்னொரு பகுதி பாக்கி, அது அழுகை. சில கண்டக்டர்கள் இடைவெளியே விடாமல் அதற்குள் நுழைவார்கள். அந்தத் திருப்பத்தில்தான் மொத்த சிம்பொனியும் நிற்கிறது. கைதட்டல் எழுந்தால் அந்த அழுகையின் முதல் சில நொடிகள் யார் காதிலும் விழாது.

1893 அக்டோபர் 28 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் சாய்கோவ்ஸ்கியே இதை நடத்தினார். ஒன்பதே நாளில் இறந்துபோனார்.

கடைசியில் செல்லோவும் டபுள் பேஸும் மட்டும் தேய்ந்து தேய்ந்து அடங்கும். ஒலி நின்ற பிறகும் கண்டக்டரின் கை மேலேயே இருக்கும். அது கீழே இறங்கட்டும், அப்புறம் தட்டுங்கள்.