பரணில் பலகை அடிக்கும் முன்னர்

புலம்பெயர்ந்த எம்மவர் வீடுகளில் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தால் அங்கே சில பயணப் பெட்டிகள் இருக்கும். வந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும் அவை முழுமையாகத் திறக்கப்படுவதில்லை. பிள்ளைகள் வளர்கின்றனர், பொருட்கள் பெருகுகின்றன, வீடு சுருங்குகின்றது. அப்பொழுதுதான் தலைக்கு மேலே வெறுமையாகக் கிடக்கும் இடம் எமது கண்ணிற் படுகின்றது. ஊரிலே அதைப் பரண் என்போம். இங்கே அற்றிக் என்கின்றனர்.

மில்பிடாஸ் நகரில் பழைய வீடொன்றை வாங்கிய எமது நண்பர் குடும்பமும் இவ்வாறே எண்ணியது. ஒரு சனிக்கிழமை நாம் நால்வர் கூடினோம். பரணின் வாயிலைச் சற்றுப் பெரிதாக வெட்டி, அங்கு கிடந்த பஞ்சின் மேலேயே பலகைகளை அழுத்தி அடித்து முடித்தோம். பெட்டிகள் மேலே ஏறின. ஆனால் அடுத்து வந்த தை மாதத்தில் எரிவாயுக் கட்டணம் முன்னையதைவிடக் கூடிவிட்டது. இரண்டு போர்வைகளுக்குள்ளும் குளிர்கின்றது என்றார் அவ்வீட்டு அம்மா. நாம் விட்ட பிழையையும், அதைத் திருத்தியபோது கற்றுக்கொண்டவற்றையும் எமது வாசகர்களுக்கு எழுதுவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

முதலில் இந்த வீடுகளின் கதையை அறிந்துகொள்ள வேண்டும். மில்பிடாஸ் 1954ஆம் ஆண்டில் தனி நகரானது. மறு ஆண்டு ஃபோர்ட் கார்த் தொழிற்சாலை ரிச்மண்ட் நகரிலிருந்து இங்கு இடம்மாறியது. கறுப்பினத் தொழிலாளர்களுக்கு வீடு விற்க அயலூர்கள் மறுத்தன. அந்நிலையில் வாகனத் தொழிலாளர் சங்கம் முன்னின்று, எல்லா இனத்தவரும் வாங்கக்கூடிய சன்னிஹில்ஸ் குடியிருப்பு உருவாக வழிசெய்தது. அங்கு குடியேறிய தொழிலாளருள் ஒருவரான பென் குரோஸ் 1966இல் இந்நகரின் மேயரானார். தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. 1994 முதல் அக்கட்டடம் கிரேட் மோல் என்னும் அங்காடியாக இயங்குகின்றது. வீடுகளோ இன்றும் நிற்கின்றன.

கலிபோர்ணியாவில் வீடுகளுக்கான எரிசக்தி விதிகள் 1978இலேயே நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றின் பரணில் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு மிக மெல்லியதாகவே இருக்கும். சிலவற்றில் அறவே இராது. இங்கு மாரி இரவுகளில் வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் வரை இறங்குவது வழக்கம். ஹீற்றர் சூடாக்கிய காற்று மேலெழுந்து சீலிங்கின் வழியாக வெளியேற, நாம் கட்டும் பணமும் அதனோடு போய்விடுகின்றது.

பஞ்சு எவ்வாறு சூட்டைத் தடுக்கின்றது? ஊரில் பனையோலை வேய்ந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுக்கடுக்கான ஓலைகளுக்கு இடையே அசையாது நிற்கும் காற்றும் சேர்ந்தே வெயிலைத் தடுத்தது. பைபர்கிளாஸ் பஞ்சும் அவ்வாறே. நாரிடையே சிறைப்பட்ட காற்றுத்தான் வேலை செய்கின்றது. அதன் தடுப்பாற்றலை ஆர் என்னும் எண்ணால் குறிப்பர். ஏறத்தாழ ஆறேகால் அங்குலத் தடிப்புள்ள ஆர்-19 பஞ்சை மூன்றரை அங்குலமாக நசுக்கினால் அது ஆர்-13 அளவுக்கு இறங்கிவிடும். நாம் செய்த முதற்பிழை இதுவே. வெட்டிய வாயிலுக்குப் பொருத்தமான மூடி போடாமல் விட்டது இரண்டாவது பிழை.

சரியான ஒழுங்கு பின்வருமாறு. முதல் வேலை பஞ்சு போடுவதன்று, ஓட்டைகளை அடைப்பதாகும். மின்கம்பிகளும் குழாய்களும் சீலிங்கைத் துளைத்துச் செல்லும் இடங்களை அடைத்தல் வேண்டும். ஹீற்றரின் புகைக்குழாயைச் சுற்றித் தகரமும் தீத்தாங்கும் பசையும் மாத்திரமே பாவிக்கலாம். குளியலறைக் காற்றாடியின் குழாய் பரணுக்குள் திறந்திருந்தால் அதைக் கூரைக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டும். இல்லையேல் ஈரம் தேங்கி மரம் உக்கிவிடும்.

அடுத்ததாகப் பஞ்சு. ஆர்-38 அளவுக்கு ஏறத்தாழ 12 அங்குலத் தடிப்பு வேண்டும். கூரையின் தாழ்வாரத்தில் உள்ள காற்றுத் துவாரங்களை அது மூடக்கூடாது. சீலிங்கினுள் பதித்த பழைய விளக்குகளின் மேல் பஞ்சு படிந்தால் தீப்பிடிக்கக்கூடும். பஞ்சு படலாம் எனக் குறிக்கப்படாத விளக்குகளைச் சுற்றி மூன்று அங்குல இடைவெளி விடுதல் வேண்டும்.

இறுதியாகவே பலகை. தீராந்திகளுக்குக் குறுக்காக உயரமான சட்டங்களை நிறுத்தி, இடையே பஞ்சை நிரப்பி, அதை நசுக்காதவாறு மேலே பலகை அடிக்க வேண்டும். பரண் முழுவதையும் மூடத் தேவையில்லை. வாயிலைச் சுற்றிய சிறு பகுதி போதும். வாயில் மூடியின் முதுகிலும் பஞ்சு ஒட்டி, விளிம்பில் காற்றுப் புகாத பட்டி வைக்க வேண்டும்.

பாரத்தையும் கவனிக்க வேண்டும். பொருள் வைப்பதற்கென அமைக்கப்படாத பரண்களைச் சதுர அடிக்கு 10 இறாத்தல் பாரத்துக்கே விதிகள் கணக்கிடுகின்றன. ஓரளவு பொருள் வைக்கக்கூடியவற்றுக்கு 20 இறாத்தல். நாம் அடிக்கும் சட்டங்களும் பலகைகளும் இதற்குள் அடங்கும். அரிசி மூட்டைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அங்கு இடமில்லை. முக்கோணச் சட்டங்களால் ஆன கூரையாயின் அவற்றுள் ஒன்றையேனும் அறுக்கக்கூடாது. ஐயமிருப்பின் கட்டடம் அறிந்தவரிடம் கேட்டே தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய பரணில் கூழாங்கல் போன்ற சாம்பல் நிறத் துகள்கள் கிடந்தால் தொடாதீர்கள். அது வேர்மிகுலைற் ஆகலாம். மொன்டானாவின் லிபி என்னும் ஊரிலிருந்து, 1990இல் சுரங்கம் மூடப்படும் வரை வந்த இப்பொருளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணப் பஞ்சாயினும் முகக்கவசமும் நீண்ட கைச்சட்டையும் அணிந்து, தீராந்திகளில் மட்டும் கால் வைத்து, காலை வேளையிலேயே வேலை செய்யுங்கள்.

வாடகை வீட்டில் இருப்போர் உரிமையாளரின் அனுமதியின்றி எதையும் செய்யலாகாது. ஆயினும் வழி உண்டு. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குப் பரண் பஞ்சு போன்றவற்றை இலவசமாகச் செய்துகொடுக்கும் திட்டம் பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் உள்ளது. உரிமையாளர் இணங்கினால் வாடகைக் குடும்பங்களும் விண்ணப்பிக்கலாம். இவ்வேலைக்கு மத்திய அரசு வழங்கிய வருமானவரிச் சலுகை 2025ஆம் ஆண்டுடன் முடிவடைந்தது. அதைக் காட்டி வேலை பிடிக்க வருவோரை நம்ப வேண்டாம்.

இனி, பரணில் எதை வைப்பது? கோடையில் அங்கு வெப்பம் 50 பாகையைத் தாண்டுவதுண்டு. கீழே பஞ்சு போட்டால் வீடுதான் குளிரும், பரண் அன்று. குளிராடைகள், பாத்திரங்கள், பண்டிகைச் சாமான்கள் அங்கு இருக்கலாம். கலியாணப் படங்கள், வீடியோ நாடாக்கள், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அகதி விண்ணப்பப் பத்திரங்கள் ஆகியவற்றை ஒருபோதும் அங்கு வைக்காதீர்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் கையில் அகப்பட்டவற்றையே கொண்டுசென்றனர். அவ்வாறு தப்பிவந்த கடதாசிகள் இங்கே வெயிலில் கருகிப்போகலாமா? அவற்றை வீட்டின் உட்புற அலுமாரியில் வையுங்கள்; பிரதியெடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள்.

நண்பர் வீட்டில் பலகைகளைக் கழற்றி மீண்டும் அடித்தோம். இரண்டு வார இறுதிகள் சென்றன. பெட்டிகளை மேலே ஏற்றும் முன்னர் அம்மா ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். தாம் ஊரிலிருந்து கொண்டுவந்த சேலைகளையும், கணவரின் படத்தையும், காணி உறுதியையும் எடுத்துத் தமது அறை அலுமாரியில் வைத்தார். வெறும் பெட்டிகள் மாத்திரமே பரணுக்குச் சென்றன.

உங்கள் பெட்டிகளையும் மேலே ஏற்றும் முன்னர் ஒருமுறை திறந்து பாருங்கள்.