டச்சுக்காரருக்குத் தண்ணி காட்டிய கொட்டாரம்!

உங்களுக்குத் தெரியுமா? குன்னத்துகாலில் கிளம்பி, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் வழியாகத் தக்கலை வரைக்கும் வந்தால் போதும். பக்கத்திலேயே பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது அரண்மனை. நிற்கும் மண் தமிழ்நாடு. சாவியோ கேரள அரசின் கையில்!

1956 நவம்பர் 1. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மாவட்டம் வந்தது, கொட்டாரம் வரவில்லை. இன்றைக்கும் உள்ளே டிக்கெட் கிழிப்பது கேரளத் தொல்லியல் துறைதான்!

ஊருக்குப் பழைய பெயர் கல்குளம். 1744-இல் அதைப் பத்மநாபபுரம் ஆக்கினார், வேணாடு என்கிற திருவிதாங்கூரின் ராஜா மார்த்தாண்ட வர்மா. பழைய பெயர் செத்துவிட்டதா? இல்லவே இல்லை! தாலுகா ஆபீஸ் பலகையைப் பாருங்கள், கல்குளம்தான்!

கொட்டாரத்தைக் கட்டத் தொடங்கியவர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள், 1601 வாக்கில். ஆனால் வளாகத்துக்குள் இருக்கும் தாய்க் கொட்டாரத்துக்கு வயது அதைவிட அதிகம். 1550 வாக்கில் எழுந்தது!

இப்போது ஒரு தாவு தாவுவோம், இந்தக் கொட்டாரத்து ராஜாவோடு பின்னாளில் மோதிய டச்சுக்காரர்களின் ஆம்ஸ்டர்டாமுக்கு! அவர்களின் பெருமைக்குரிய டவுன் ஹால் 1655-இல் அங்கே திறக்கப்பட்டது. சதுப்பு நிலம். கட்டடம் புதையாமல் இருக்க அடியில் எத்தனை மரக்கம்பங்களை அடித்து இறக்கினார்கள் தெரியுமா? 13,659!

அந்த எண்ணை மறக்காமல் இருக்க டச்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வருஷத்துக்கு 365 நாள். முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 9. முடிந்தது கணக்கு!

அங்கே மரம் அடியில், கல் மேலே. இங்கே கல் அடியில், மரம் மேலே! தேக்கு, ஈட்டி, பிலா என்று மரத்திலேயே விளையாடியிருக்கிறார்கள் நம் ஆசாரிமார்.

ஆம்ஸ்டர்டாம் கட்டடத்தைப் பார்த்தே பத்தாவியாவிலும் ஒரு டவுன் ஹால் எழுப்பினார்கள். பத்தாவியா என்றால் இன்றைய ஜகார்த்தா. 1710-இல் கட்டி முடித்தார்கள். நிர்வாகம் மேலே, கைதிகளுக்கு இருட்டறை கீழே!

அந்தப் பத்தாவியாவில் பின்னாளில் கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தவர் வான் இம்ஹாஃப். அதற்கு முன்பு இலங்கையில் டச்சு கவர்னர். 1739-இல் மார்த்தாண்ட வர்மாவிடம் வந்து, படையெடுப்பேன் என்று மிரட்டினார். வேணாட்டு ராஜா சொன்ன பதில் என்ன தெரியுமா? அப்படியானால் நானும் என் வள்ளங்களையும் மீனவர்களையும் அனுப்பி ஐரோப்பாவைப் பிடிக்க யோசிக்கிறேன் என்றாராம்! திருவிதாங்கூர் வரலாறு எழுதியவர்கள் விடாமல் பதிந்துவைத்திருக்கும் நக்கல் இது.

சண்டை எதற்கு? பொன்னுக்கா, மண்ணுக்கா? நல்லமிளகுக்கு!

1741 ஆகஸ்ட் 10. குளச்சல் கடற்கரை. உலகத்தின் பெரும் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, கல்குளத்து ராஜாவிடம் மண்ணைக் கவ்வியது! ஆம்ஸ்டர்டாம் டவுன் ஹால் திறந்து அப்போது 86 வருஷம்தான் ஆகியிருந்தது.

பிடிபட்ட கைதிகளில் ஒருவர் யுஸ்டேஷியஸ் டிலனாய். 1715-இல் பிறந்தவர். ராஜா அவர் தலையை வாங்கவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையைக் கொடுத்தார்! கைதியாக வந்தவர் படைத்தலைவராக உயர்ந்தார். மக்கள் வைத்த பெயர் வலிய கப்பித்தான். திருவிதாங்கூருக்கு அவர் உழைத்த காலம் 36 வருஷம்!

புலியூர்க்குறிச்சியில் பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியுமே, உதயகிரிக் கோட்டை! அதைப் புதுப்பித்துக் கட்டியவர் இந்த டிலனாய்தான். உள்ளேயே பீரங்கி வார்க்கும் உலை! கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலோடு ஒட்டி நிற்கும் வட்டக்கோட்டையிலும் அவர் கைவண்ணம் உண்டு.

1777 ஜூன் 1. கப்பித்தான் காலமானார். சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. கல்வெட்டு எந்த மொழியில்? லத்தீனிலும் தமிழிலும்! டச்சுக் கம்பெனிக்காரருக்குத் தமிழில் கல்லறை வாசகம் என்றால் சும்மாவா?

கொட்டாரத்தில் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவரும் இதே டிலனாய்தான். மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் பிறந்தவர் பிள்ளை. 1745-இல் ஞானஸ்நானம், தேவசகாயம் என்ற புதுப்பெயர். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 270 வருஷம் கழித்து, 2022 மே 15-இல், வத்திக்கானில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் துறவறம் பூணாதவர்களில் முதல் புனிதர்! அவர் பிறந்த ஊர் நமக்கு எத்தனை பக்கம் பாருங்கள்.

சரி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டாரத்துக்குள் வாருங்கள்!

பூமுகத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மரக்கூரையில் செதுக்கிய பூக்கள் 90 விதம். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை!

அங்கேயே தொங்குகிறது குதிரை விளக்கு. எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் திருப்பிய திசையிலேயே நிற்கும். சங்கிலியில் செய்த வித்தை!

பக்கத்தில் ஒரு கருங்கல் கட்டில். 7 துண்டுக் கல்லைச் சேர்த்துச் செய்தது. சித்திரை வெயிலிலும் முதுகு குளிரும். ஏசியாவது, ஒன்றாவது!

செங்குத்தான மரப்படியில் ஏறினால் மந்திரசாலை. ராஜா மந்திரிகளோடு கூடி நாட்டு விவகாரம் பேசிய இடம். ஆம்ஸ்டர்டாம்காரருக்கு டவுன் ஹால் எப்படியோ, வேணாட்டுக்கு இந்த அறை அப்படி! ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. நிறம் நிறமாக மைக்கா! வெளிச்சம் வரும், வெக்கை வராது.

தரையைப் பாருங்கள்! கறுப்பு. வழவழப்பு. முகம் தெரிகிற பளபளப்பு. இத்தாலி மார்பிளா? கிரானைட்டா? சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் ஆற்றுமணலும் சேர்த்து அரைத்த கலவை! போன வருஷம் போட்ட டைல்ஸ் இந்த வருஷம் விரிசல் விடுகிறது. இதுவோ நூற்றாண்டுகளைத் தாண்டியும் மினுங்குகிறது.

ஊட்டுப்புரை என்று ஒரு நீளக் கூடம். ஒரே பந்தியில் 1,000 பேர்! பப்படம் பரிமாறி முடிக்கவே எத்தனை ஆள் வேண்டியிருந்திருக்கும்!

மணிமாளிகைக் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. தொங்கும் எடைகளின் இழுப்பில் ஓடுவது. அதன் மணியோசை 3 கிலோமீட்டர் வரை கேட்குமாம்!

உப்பரிகை மாளிகை 4 மாடி. 1750 வாக்கில் மார்த்தாண்ட வர்மா கட்டியது. கீழ்த்தளத்தில் கஜானா. அதற்கு மேலே ராஜாவின் படுக்கையறை. உச்சியில் பத்மநாபசுவாமிக்குப் பூஜையறை, சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியம்! ராஜாவின் தலைக்கு மேல் சாமி, காலுக்குக் கீழே பணம். திட்டம் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்!

அந்தப் படுக்கையறைக் கட்டிலில் 64 வகை மருத்துவ மரங்கள். கொடுத்தது யார் என்று கேளுங்கள். டச்சு வியாபாரிகள் தந்த பரிசு என்பார்கள் அரண்மனையில்! குளச்சலில் அடித்தவரின் தூக்கத்துக்கு அடிபட்டவர்களே கட்டில் கொடுத்தார்கள் என்றால், இதைவிடப் பெரிய வெற்றி எது?

தாய்க் கொட்டாரத்தில் ஒரு பிலாமரத் தூண். ஒரு விரல்கடை இடம் விடாமல் செதுக்கல்! அங்கிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்கு ஒரு சுரங்கப்பாதை உண்டு. இப்போது அடைத்துவிட்டார்கள்.

டச்சுக்காரர் கதையில் இன்னொன்று. கொச்சி மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கட்டியது டச்சுக்காரர் இல்லை! 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டியது. 1663-இல் டச்சுக்காரர் பழுது பார்த்தார்கள், பெயரையும் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்!

நெய்யாற்றின்கரைக்காரர்களே, உங்கள் பங்கு இல்லாமலா? கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருக்கும் அம்மச்சிப் பிலாவைத்தான் சொல்கிறேன். எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா ஒளிந்துகொண்டது அந்தப் பிலாமரப் பொந்தில்தான் என்பது ஊர் நம்பிக்கை. அந்தப் பொந்து மட்டும் இல்லாவிட்டால் குளச்சலும் இல்லை, கப்பித்தானும் இல்லை!

பத்மநாபபுரத்தில் இருந்த தலைநகரம் 1795 வாக்கில் திருவனந்தபுரத்துக்குப் போனது. ராஜா போனார், கச்சேரி போனது. இங்குள்ள சரஸ்வதி அம்மன் மட்டும் போகவில்லை! வருஷத்துக்கு ஒரு தடவை, நவராத்திரிக்கு மட்டும் போய் வருகிறாள். அதுவும் யானை மேல்! வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் கூடவே வருவார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் கும்பிட்ட விக்கிரகம் என்பது நம்பிக்கை.

புறப்பாட்டுக்கு முன் உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளைக் கைமாற்றுவார்கள். முதல் ராத்திரி குழித்துறை, மறு ராத்திரி நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் திருவனந்தபுரம்! களியக்காவிளை எல்லையில் இந்தப் பக்கத்துப் போலீஸ் வழியனுப்ப, அந்தப் பக்கத்துப் போலீஸ் வரவேற்கும். சாமிக்கே இரண்டு மாநில மரியாதை!

சினிமாவுக்கும் பிடித்த கொட்டாரம் இது. 'வருஷம் 16' படத்தின் வீடு இங்கேதான். 'மணிச்சித்ரதாழ்' படத்தின் காட்சிகளும் இங்கே எடுத்ததுதான்!

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இலேயே இடம் பிடித்தாகிவிட்டது. முழுப்பட்டியல் இன்னும் பாக்கி. ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வளையம் 2010-இலேயே உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. குளச்சலில் ஜெயித்த நாம் இதில் பின்தங்கலாமா?

கடைசியாக ஒன்று. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள். அன்றைக்குக் கொட்டாரத்துக்கு லீவு!