லைன் என்றால் லயம் மட்டும்தானா?

"லைன் என்றால் என்ன?" என்று தோட்டத்தில் எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும், "நாங்க இருக்கிற லயம்தான்" என்று பதில் வரும். பதில் பிழையில்லை. ஆனால் அந்த ஒரு பதிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான், இந்த ஒரு சொல்லைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம்.

அந்தப் பிள்ளை சாதாரண தரம் சித்தியடைந்தவள். தொழிற்பயிற்சிப் படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். படிவம் முழுவதும் ஆங்கிலம். விலாசம் எழுதும் இடத்தில் 'அட்ரஸ் லைன் 1', 'அட்ரஸ் லைன் 2', 'அட்ரஸ் லைன் 3' என்று மூன்று கோடுகள். அவள் குடும்பம் இருப்பது ஐந்தாம் லயத்தில். "ஒன்னு, ரெண்டு, மூனு இருக்கு, அஞ்சைக் காணோமே" என்று யோசித்தவள், இது மற்ற லயத்துக்காரர்களுக்கு உள்ள இடம் என்று மூன்றையும் வெறுமையாக விட்டுவிட்டு, மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிட்டாள். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லும் கடிதம் அவளுக்கு வந்து சேரவே இல்லை. மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தபால்காரர் எந்த மலையில் தேடுவார்?

இதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தச் சொல்லைச் சரியாகத்தான் வாசித்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பொருளில் வாசித்தாள், அவ்வளவுதான்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஆளி என்று ஒரு செடி இருக்கிறது. அதன் நாரில் நெய்யும் துணிதான் லினன். அந்தச் செடிக்கு லத்தீன் மொழியில் லீனும் என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் லீனியா. அதிலிருந்து வந்ததே லைன். ஆக முதலில் லைன் என்றால் நூல், கயிறு. கொத்தனார் சுவர் கட்டும்போது நூல் பிடிக்கிறார் அல்லவா? அந்த நூலை இழுத்துக் கட்டினால் நேர்கோடு கிடைக்கிறது. கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரிசை கிடைக்கிறது. நூல், கோடு, வரிசை என்ற இந்த மூன்று படியையும் மனதில் வைத்துக்கொண்டால் லைனுக்கு உள்ள பொருள்களில் முக்கால்வாசி விளங்கிவிடும். சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங் துணியும் இதே குடும்பம்தான். முன்பு உள்துணியாக லினனை வைத்துத் தைத்ததால் அந்தப் பெயர் வந்தது. பஸ்ஸின் பிரேக் லைனிங்கும் அதிலிருந்து கிளைத்ததே.

தேயிலைக்கும் நூலுக்கும்கூடத் தொடர்பு இருக்கிறது. புது மலையில் கன்று நடுவதற்கு முன் கயிறு பிடித்து முளை அடிப்பதற்கு 'லைனிங்' என்று பெயர். வரிசைக்கு வரிசை 4 அடி, கன்றுக்குக் கன்று 2 அடி என்று அளந்து முளை அடித்த பிறகே குழி வெட்டுகிறார்கள். அப்படி உண்டான வரிசையைத்தான் கொழுந்து பறிக்கும்போது நாம் நிரை என்கிறோம். "ஒன் நிரைய விட்டுட்டு என் நிரைக்கு ஏன் வாறே?" என்று மலையில் சண்டை வருகிறதே, அந்த நிரைக்கும் ஆங்கிலத்தில் லைன் என்றே சொல்லலாம். ஆனால் நிரை நம்முடைய சொந்தச் சொல், நல்ல பழைய தமிழ்ச் சொல். அதை விட்டுவிட வேண்டாம்.

இனி நம் லயத்துக்கு வருவோம். வெள்ளைக்காரர்கள் பட்டாளத்துச் சிப்பாய்களைக் குடிவைத்த வரிசைக் கட்டடங்களுக்கு 'லைன்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கோப்பித் தோட்டக் காலத்தில் நம் முன்னோருக்கு அதே மாதிரி வரிசையாக அறைகள் கட்டியபோது, பெயரும் கூடவே வந்தது. ஒரு குடும்பத்துக்கு 10 அடிக்கு 12 அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. மலாயாவின் ரப்பர் தோட்டத்திலும் பிஜியின் கரும்புத் தோட்டத்திலும் இதே பெயர்தான். வீடு என்றோ குடியிருப்பு என்றோ சொல்லாமல் வெறுமனே 'வரிசை' என்று பெயர் வைத்ததே, கட்டியவர்கள் நம்மை எப்படி எண்ணினார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது.

லைன் எப்படி லயம் ஆனது? சாதாரண தரத்துக்குத் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குக் கடைப்போலி தெரியும். அறம் அறன் ஆகும், நிலம் நிலன் ஆகும். ம்மும் ன்னும் இடம் மாறுவது தமிழுக்குப் புதிது அல்ல. லைன் லயன் ஆகி, லயன் லயம் ஆயிற்று. குதிரை கட்டும் லாயத்திலிருந்து வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அந்தக் காம்பராக்களைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை, ஆனாலும் சொல் வந்த வழி அது அல்ல. தப்பு அடிக்கிறவர்கள் சொல்லும் தாள லயமும் வேறு சொல், அது வடமொழியிலிருந்து வந்தது. 'பரேட்' என்பது பெரட்டு ஆனது போல, லைனையும் நம் பாட்டன் பாட்டிமார் தம் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

ஆங்கிலேயருக்கு இந்த ஒரு சொல் போதும். நமக்கோ ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது. துணி காயப்போடும் லைன் கொடி. எழுதும் லைன் வரி. வரையும் லைன் கோடு. உள்ளங்கையில் உள்ள லைன் ரேகை. ரயில் ஓடும் லைன் பாதை. கொழும்பிலிருந்து மலையேறி 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்த பாதைக்கு 'மெயின் லைன்' என்று பெயர். அதற்காக அது பெரிய லயம் ஆகிவிடாது! இளவட்டங்கள் சினிமா பார்த்துவிட்டு 'லைன் அடிக்கிறான்' என்று பேசுவதையும் கேட்டிருக்கிறோம். அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

சில இடங்களில் பொருள் மாறினால் ஆபத்து. முதலாவது மின்சாரம். மின்சாரக் கம்பியும் லைன்தான், துணிக்கொடியும் லைன்தான். ஒன்றைத் தொடலாம், மற்றதைத் தொட்டால் உயிர் போய்விடும். காற்று மழையில் கம்பி அறுந்து கிடந்தால், கரண்ட் இல்லை என்று நீங்களே முடிவு செய்துகொண்டு கிட்டப் போகாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, மின்சார சபைக்குச் சொல்லி அனுப்புங்கள். பிளக்கில் 'எல்' என்ற எழுத்தைப் பார்த்தால் அது கரண்ட் வரும் லைன் என்று அறிந்துகொள்ளுங்கள். பழைய வயரில் பாரம் ஏற்றுவதும் கள்ளமாகக் கம்பி இழுப்பதும் லயத்தில் பெருந்தவறு. கூரை ஒன்றாக இருப்பதால் ஒரு காம்பராவில் பிடித்த தீ அடுத்த காம்பராவுக்குத் தாவ நேரம் எடுக்காது.

இரண்டாவது ஆஸ்பத்திரி. "பேஷண்டுக்கு லைன் போடணும்" என்று தாதி சொன்னால், நரம்பில் மெல்லிய குழாய் ஏற்றி அதன் வழியே சேலைனோ மருந்தோ கொடுக்கப் போகிறார்கள் என்று பொருள். பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்தக் குழாயை வீட்டார் இழுக்கவோ கழற்றவோ கூடாது.

மூன்றாவது டெலிபோன். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதும் விரிந்தது. அவசரத்துக்கு அழைத்தால் "லைனில் இருங்க" என்பார்கள். போனை வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டு இருங்கள் என்பதுதான் அதன் பொருள். "ஓம், லயத்துலதான் இருக்கோம், சீக்கிரம் வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டால், வருகிறவர்களுக்கு வழி தெரியாது. 'மூன்றாம் லயம்' என்பதும் போதாது, எல்லாத் தோட்டத்திலும் மூன்றாம் லயம் உண்டு. தோட்டத்தின் பெயர், பிரிவு, கிட்டிய டவுன், ரோட்டில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பவற்றைச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருவரை ரோட்டுச் சந்திக்கு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பங்களில் 'டெட்லைன்' என்று போட்டிருப்பார்கள். 'செத்த கோடு' என்று எண்ணிக் குழம்ப வேண்டாம், முடிவுத் திகதி என்று பொருள். இந்தச் சொல்லின் பிறப்பு மட்டும் பயங்கரமானதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஆண்டர்சன்வில் என்ற சிறை முகாமில் ஒரு எல்லைக்கோடு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிய கைதி சுடப்பட்டான். இன்று திகதி தாண்டினால் யாரும் சுடமாட்டார்கள், விண்ணப்பம்தான் குப்பைக்குப் போகும்.

பிறகு 'டாட்டட் லைன்', அதாவது கையெழுத்துக்கான புள்ளிக்கோடு. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்தியாவா இலங்கையா என்று படிவம் போட்ட காலத்தில், யாரோ எழுதித் தந்த தாளில் கைநாட்டு வைத்தோம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடன் தாளானாலும் சரி, காணித் தாளானாலும் சரி, மேலே உள்ள லைன்களை வாசிக்காமல், அல்லது நம்பிக்கையான ஒருவரைக்கொண்டு வாசிக்கக் கேட்காமல், கீழே உள்ள லைனில் பேனாவை வைக்காதீர்கள்.

கடைசியாக அந்த விலாசத்துக்கு வருவோம். 'அட்ரஸ் லைன் 1' என்றால் விலாசத்தின் முதலாவது வரி. அதில் காம்பரா இலக்கம், லயத்தின் இலக்கம், பிரிவு ஆகியவற்றை எழுத வேண்டும். இரண்டாவது வரியில் தோட்டத்தின் பெயர். மூன்றாவது வரியில் தபால் நிலையம் உள்ள ஊர். அதற்கு ஐந்து இலக்கத் தபால் எண் உண்டு. ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200, பதுளைக்கு 90000. உங்கள் தபால் நிலையத்தின் எண்ணைக் கேட்டு, கதவுக்குப் பின்னால் எழுதி வையுங்கள். கடிதங்கள் மொத்தமாகத் தோட்டத்து ஆபீசுக்கு வரும் இடமானால், விண்ணப்பம் போட்ட பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது போய்க் கேட்க வேண்டும். போன் நம்பரையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

அந்தப் பிள்ளை மறுபடியும் ஒரு விண்ணப்பம் எழுதினாள். இந்தத் தடவை நாங்கள் பக்கத்தில் இருந்தோம். எழுதி முடித்ததும் அவளுடைய பாட்டி தாளை எட்டிப் பார்த்து, "நம்ம அஞ்சாம் லயத்த எங்கடி எழுதியிருக்கே?" என்று கேட்டார்.

"மொத லைன்ல, அம்மாயி."

"அஞ்சாம் லயம் எப்படிடி மொத லைனுக்குப் போச்சு?"

அவள் சிரித்துக்கொண்டே பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து விளக்கத் தொடங்கினாள்.